தாள் எட்டில் காண்க

2012 ஜூன் பதினெட்டாம் தேதியிலிருந்து செரினிட்டி ஹைட்ஸ் குடியிருப்பின் ஆயிரத்து நூற்று நாற்பது வீட்டுக் கக்கூஸ்களில் ஊற்றிய தண்ணீர் எந்த இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. கிளம்பியது உண்மை, நாங்களே சொம்பு சொம்பாக ஊற்றி அனுப்பினோம். குழாய் வழியாகப் பதினான்காம் பிளாக்கின் கடைசி வீடு வரை அது போனதும் உண்மை. அதற்கப்புறம் அது இல்லை. வயலில் இல்லை, வாய்க்காலில் இல்லை, தோண்டிப் பார்த்தால் மண்ணுக்கடியிலும் இல்லை. அந்த வருடம் இரண்டு பெரிய புயல் வந்தது, வெங்காயம் விலை ஏறியது, எங்கள் கழிவு காணாமல் போனது. மூன்றையும் பற்றி ஒரே அளவுக்குத்தான் பேசிக்கொண்டோம்.

இதில் மர்மம் ஒன்றும் கிடையாது, சோம்பேறித்தனம்தான் காரணம். மணிலாவில் கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருந்த எங்களை மழைக்கு முன்னால் அப்புறப்படுத்த வேண்டும் என்று மேலே யாருக்கோ திடீரென்று ஞானம் பிறந்தது. சான் அபெலார்தோவில் இருந்த குடியமர்த்தல் அலுவலகத்துக்கு உத்தரவு போனது. அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த மகாஸ்பாக் என்பவர் இடத்தை நேரில் வந்து பார்க்கவில்லை. வேறொரு மாகாணத்தில் கடற்கரையோரம் கட்டிய குடியிருப்பின் வரைபடக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்தார், பெயரை மாற்றினார், முடிந்தது வேலை. அந்தக் கட்டில் எட்டுத் தாள். எட்டாவது தாளில் சாக்கடைக் குழாய் ஒரு சுத்திகரிப்புத் தொட்டிக்குள் போய், அங்கிருந்து கடலுக்குப் போனது. எங்கள் ஊரில் கடல் கிடையாதே! அதனால் அந்தத் தாளை மட்டும் உருவிப் போட்டுவிட்டார். ஏழாவது தாளில் குழாய்க் கோடு காகிதத்தின் ஓரத்தில் முட்டி நிற்கிற இடத்தில் ‘தொடர்ச்சி: தாள் 8-ல் காண்க’ என்று எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. அவருக்குக் கீழே கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் வழக்கம் அப்படித்தான். தனக்கு முந்தின ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறானா என்று மட்டும் பார்ப்பார்கள், போட்டிருந்தால் தானும் போடுவார்கள். தூ!

எங்கள் மண்ணுக்கு ஒரு குணம், காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதற்குக் கட்டுப்படும். ஆகவே நாங்கள் லாரியில் வந்து இறங்கிய அன்றே மத்தியானம் மூன்று மணிக்கு நெல்வயலுக்கு நடுவில் உப்புக்காற்று அடித்தது. அது அந்த வரைபடத்தோடு வந்த காற்று, இன்றைக்கும் அடிக்கிறது, கருவாடு காயவைக்கத் தோதாக இருக்கிறது. ஹைட்ஸ் என்று பெயர், ஆனால் இங்கே உயரமான இடம் குப்பைமேடு ஒன்றுதான். வடக்கு காட்டும் அம்புக்குறியையும் திருப்பாமல் விட்டதால் எல்லா அடுப்படியிலும் சாயங்கால வெயில் நேராக அடித்தது. பிள்ளைகள் விளையாடும் இடத்தை உயர் மின்கோபுரத்துக்கு அடியில் வைத்திருந்தார்கள். சந்துகளின் அகலம் ஒரு மீட்டர். முதல் மாதமே ஆறாம் பிளாக்கில் கிழவர் கிரிசாந்தோ இறந்தபோது பெட்டியைச் சந்து முனையில் திருப்ப முடியவில்லை. நிமிர்த்தித்தான் தூக்கிப்போக வேண்டியிருந்தது. செத்தவரை நிற்க வைத்துக் கல்லறைக்கு அனுப்பிய அந்தக் கேவலத்துக்கு அலுவலகத்தில் ‘இடச் சிக்கனம்’ என்று பெயர். அதற்கு அப்புறம் ஒன்பது வருடம் செத்தவர்கள் எல்லாருமே நின்றுகொண்டுதான் போனார்கள்.

கழிவு காணாமல் போனதைக் கண்டுபிடித்தவன் நர்சிசோ. கக்கூஸ் தொட்டி இறைக்கும் லாரி வைத்திருந்தான். புதுக் குடியிருப்பு என்றால் ஆறு மாதத்தில் தொட்டி நிரம்பும் என்று கணக்குப் போட்டுக் காத்திருந்தவன், ஒன்றரை வருடம் ஆகியும் யாரும் கூப்பிடவில்லை என்றதும் தானே கோபத்தோடு வந்து சேர்ந்தான். பதினான்காம் பிளாக் கடைசியில் இருந்த மேன்ஹோல் மூடியைக் கடப்பாரையால் நெம்பி எட்டிப் பார்த்தான். உள்ளே குழாய் கத்தியால் வெட்டின மாதிரி நேராக முடிந்திருந்தது. அதற்கப்பால் வெள்ளை. இருட்டோ மண்ணோ இல்லை, எதுவும் எழுதாத காகிதத்தின் வெள்ளை. குழாயிலிருந்து வந்தது அந்த வெள்ளையின் விளிம்பில் விழுந்து இல்லாமல் போனது. சத்தம்கூடக் கேட்கவில்லை. நர்சிசோ நாற்பது அடிக் கம்பை விட்டுப் பார்த்தான், கம்பு முப்பத்திரண்டு அடியாகத் திரும்பி வந்தது. “என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டானுங்களே, படுபாவிங்க” என்று அலுவலகத்தைத் திட்டிவிட்டு லாரியை விற்று ஐஸ் வியாபாரத்துக்குப் போனான்.

அந்தக் கடைசி வீட்டில் பெலாஹியா இருந்தாள். ஐம்பத்தொரு வயது, கணவன் இல்லை, வீட்டு முன்னறையில் சாப்பாட்டுக்கடை நடத்தினாள். வீட்டுக்குப் பின்னால் அவள் கையால் போட்ட அடிபம்ப் ஒன்று உண்டு. அலுவலகக் குழாயில் வாரத்துக்கு மூன்று நாள் துருத் தண்ணீர் வரும், வாயில் வைத்தால் ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். குடிக்க லாயக்கான தண்ணீர் என்றால் பெலாஹியாவின் பம்ப் மட்டும்தான். காலையில் நாலு பிளாக் தூரம் வரிசை நிற்கும். அவள் யாரிடமும் ஒன்றும் வாங்கமாட்டாள், குடத்தைக் கழுவிக் கொண்டுவரவில்லை என்றால் மட்டும் வாயில் வந்தபடி ஏசுவாள். மணிலாக் கால்வாய்க்கரையில் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகன் பென்ஹர், ஆறு வயது, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். கால்வாய்க்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அதனால் தண்ணீர் விஷயத்தில் அவளிடம் யாரும் விளையாட முடியாது. அந்த வெள்ளையைப் பற்றிச் சொன்னபோதுகூட, “எங்கயோ ஒழியட்டும், தண்ணியில கலக்காம இருந்தா சரி” என்றாள்.

2015-ல் தணிக்கைக்காரர் ஒருவர் வந்து கோப்பைப் புரட்டி, தாள் எட்டு எங்கே என்று கேட்டார். மூன்று வருடத்தில் அந்தக் கோப்பைத் திறந்து படித்த முதல் ஆள் அவர்தான். மகாஸ்பாக்குக்கு வியர்த்துவிட்டது. வரைவாளர் தியோடுலோவைக் கூப்பிட்டு, ஆறு கையெழுத்தும் முன்கூட்டியே போட்ட வெற்றுத்தாளைக் கொடுத்து, இடத்தைப் பார்த்துவிட்டு வந்து எட்டாம் தாளை வரைந்து முடி என்றார். தியோடுலோ சாதுவான மனிதர், சொன்னதைச் செய்வார். வந்தார், சுற்றினார், பெலாஹியாவின் கடையில் உட்கார்ந்து புளிச்சாறும் மீனும் வாங்கிக்கொண்டு மேஜையில் தாளை விரித்தார். குடியிருப்பிலேயே பள்ளமான இடம் அந்த அடிபம்ப் இருக்கும் இடம்தான். அதனால் காகித ஓரத்திலிருந்து பம்ப் வரைக்கும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார், விரல் நீளம் இருக்கும்.

சாறு பாதிகூடக் காலியாகவில்லை, பின்னால் பம்ப் இருமியது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள். பம்பின் வாயிலிருந்து அடிக்காமலே கொழகொழவென்று வந்துகொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் முதல் நாள் ஊற்றி அனுப்பியது, அன்றைக்கு அனுப்பின சூட்டோடு வந்தது. வரிசைப்படிதான் வந்தது என்பதை முதல் நாள் விருந்தில் எல்லாரும் தின்ற சோளத்தை வைத்துக் கண்டுகொண்டோம். பெலாஹியா கடைக்குள் பாய்ந்து தியோடுலோவின் சட்டையைப் பிடித்தாள்.

“என்னய்யா கிறுக்கினே இப்போ?”

“கோடுதான்க்கா... பென்சில்தான்...”

“அழிய்யா! அழிச்சுத் தொலை!”

அவர் ரப்பரால் அழித்தார், பம்ப் நின்றது. மொத்தம் பதினைந்து வாளி. நாங்கள் மண் போட்டு மூடினோம், சுண்ணாம்பு கொட்டினோம், நான்கு நாள் ஒருவரும் சோற்றில் கைவைக்கவில்லை. பம்ப் தண்ணீர் தெளிய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் கைக்குழந்தை இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றுதான் திரும்பி வந்தது.

பெலாஹியா அந்தப் பதினைந்தில் ஒரு வாளியை மூடி போட்டு வைத்திருந்தாள். குழந்தையை அடக்கம் செய்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஜீப்னி வண்டியில் ஏறினாள். சான் அபெலார்தோ வரைக்கும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அலுவலகத்தில் அன்று யாருக்கோ பிறந்தநாள், மகாஸ்பாக்கின் மேஜை மேல் நூடுல்ஸ் தட்டு இருந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வாளியை வைத்தாள், மூடியைத் திறந்தாள்.

“ஐயய்ய, மூடுங்கம்மா! இது ஆபீஸ்!”

“ரெண்டு நிமிஷக் கோட்டுக்கு வந்தது சார் இது. மூணு வருஷத்துக்கு எவ்வளவு வரும்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க.”

“ஆடிட்டர் தாளைக் கேக்கறாரும்மா. எங்கயாச்சும் விட்டுத்தானே ஆகணும்? என் தலையில விட்டுக்கட்டுமா?”

“விட்டுக்குங்க சார், நிறைய இடம் காலியா இருக்கு.”

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே, உங்களுக்கெல்லாம் வீடு கொடுத்தும் நன்றி இல்லை என்றார், பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விட முடியும் என்றார், சட்டம் என்றார். பெலாஹியா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். பம்ப் போனால் ஆயிரத்து நூற்று நாற்பது வீட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், ஆனால் அவருக்கு அது தேவையில்லாத விஷயம். அந்த நேரத்தில்தான் அவள் வாயிலிருந்து அது வந்தது. வந்ததற்காக அவள் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

“அவரு தாளைத்தானே சார் கேட்டாரு? போய்ச் சேரணும்னு கேட்டாரா?”

மகாஸ்பாக் கைக்குட்டையை எடுத்தார், முகம் மெல்ல மலர்ந்தது. தியோடுலோவைக் கூப்பிட்டு, புதுத்தாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கோடு இழுத்து ‘தொடர்ச்சி: தாள் 9-ல் காண்க’ என்று எழுதச் சொன்னார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி பெலாஹியாவை உபசரித்தார்கள். அவள் வெளியே வந்து ஜீப்னி நிலையத்தில் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். “அந்த வாளி நாத்தத்துக்கு வரலடா இது, என் மேலேயே எனக்கு அருவருப்பா இருக்கு” என்று எங்களிடம் சொன்னாள். நாங்கள் அவளைக் கொண்டாடினோம்.

அடுத்த வருடம் ஒன்பதாம் தாள் வந்தது, அதற்கடுத்த வருடம் பத்தாம் தாள். தணிக்கைக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தாள், ஒரு கோடு, ஆறு கையெழுத்து. ‘தொடர் திட்டமிடல்’ என்ற பெயரில் மகாஸ்பாக்குக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேயர் அவரோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஃப்ளெக்ஸ் எங்கள் நுழைவாயிலில் மூன்று வருடம் தொங்கியது. அது கிழிந்ததும் ஆறாம் பிளாக்கில் கோழிக்கூண்டுக்குக் கூரையானது. வேறு மாகாணங்களிலிருந்து பொறியாளர்கள் வேனில் வந்து மேன்ஹோலை எட்டிப் பார்த்து, எவ்வளவு செலவில்லாத முறை என்று வியந்து, சுட்ட பன்றி தின்றுவிட்டுப் போனார்கள். தொற்றுநோய் வருடத்தில் தணிக்கை இல்லை, தாளும் இல்லை. வெள்ளைக்குள் போனது எல்லாம் எங்கேயோ வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். கக்கூஸில் உட்காரும்போதெல்லாம் அது ஞாபகம் வரும், தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து வருவோம்.

மகாஸ்பாக் ஓய்வுபெற்றபின் 2021 கடைசியில் கொன்சுவெலோ அப்ரெனிகா என்ற பெண் பொறியாளர் வந்தார். நாற்பத்து மூன்று வயது, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நேரில் வந்தார். நேரில் வந்தார் என்பதையே நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு சந்தின் அகலத்தையும் டேப் வைத்து அளந்தார். சந்து முனைகளில் சுவரை இடித்து உள்வாங்கிக் கட்டவைத்தார். அதற்கப்புறம் மூன்றாம் பிளாக்கில் இறந்த ஒருத்திதான் முதன்முதலாகப் படுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனாள், அதைப் பார்த்துப் பெரியவர்கள் அழுதார்கள். மின்கோபுரத்துக்கு அடியிலிருந்த ஊஞ்சல்களைப் பிடுங்கித் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நட்டார். மத்தியானம் பெலாஹியாவின் கடையில்தான் சாப்பிடுவார், சோறும் வள்ளைக்கீரையும் கேட்டு வாங்கிக்கொள்வார். பெலாஹியாவுக்கு அவரைப் பார்த்தாலே முகம் பூக்கும். “இப்படி ஒருத்தி பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா” என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் புலம்புவாள்.

அடுத்த ஜூலையில் பதினான்காம் தாளின் முறை வந்தது. அப்ரெனிகா அதை நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆறு வரைக்கும் அளந்து, வழியில் சுத்திகரிப்புத் தொட்டி வைத்து, ஒழுங்காக, முழுதாக வரைந்துவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி, அது இல்லாத கோட்டுக்கு மண் அசையாது. தொட்டி கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகும். ஆனால் முடிவடைந்த, கையெழுத்தான வரைபடம் இல்லாமல் தொட்டிக்கு அனுமதி கிடைக்காது என்பது அலுவலக விதி. கையெழுத்தான நிமிடத்தில் பத்து வருடத்துச் சரக்கும் கட்டப்படாத தொட்டிக்குப் போக வழியில்லாமல் பம்ப் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து வரும். இதை அவர் மறைக்கவில்லை. கடையில் உட்கார்ந்து பெலாஹியாவிடம் தாளை விரித்துக் காட்டியே சொன்னார்.

“கோட்டை ஓரத்தோட நிறுத்திடுங்க மேடம். அடுத்த தாளைப் பாருன்னு எழுதிடுங்க.”

“அந்த அயோக்கியத்தனத்தை என் கையால செய்யச் சொல்றீங்களா? நீங்களா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன்.”

“அக்கா, ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் மோசமா இருக்கும். அப்புறம் காலத்துக்கும் சரியாயிடும். இல்லேன்னா இந்த ஊர்ப் பேரப்பிள்ளைங்க தலைமுறைக்கும் இது மேலதான் உக்காந்திருக்கணும், ஒருநாள் வந்தே தீரும்.”

“அந்த ஒரு மாசத்துல எத்தனை பிள்ளைங்க மேடம்?”

அப்ரெனிகா தாளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“நீங்க கணக்குப் போட்டிருப்பீங்க. போடாம இருக்க மாட்டீங்க. எத்தனை?”

“போட்டேன்,” என்றார் அப்ரெனிகா. “சொல்ல மாட்டேன்.”

திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சொன்னால் செய்கிற பொம்பளை. பெலாஹியா அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் வெள்ளைக் காகிதம் வாங்கி, மேலிடத்துக்கு மனு எழுதினாள். இந்தப் பொறியாளரை மாற்ற வேண்டும். மனுவில் காரணம் எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவள் நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலையை ஒழுங்காகச் செய்கிறார் என்று எழுத முடியாது அல்லவா? கடைசியில், தன் பிறந்தநாளுக்கு முழுப் பன்றி சுட்டுக் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று எங்களை மிரட்டினார் என்று எழுதினாள். ஆயுளில் ஒரு குடம் தண்ணீருக்குக்கூடப் பொய் சொல்லாதவள். முதல் கையெழுத்து அவளுடையது. பிறகு வீடு வீடாகப் போனது, ஆயிரத்து நூற்று நாற்பது வீட்டிலும் போட்டோம், நானும்தான் போட்டேன். எனக்கு முந்தின ஆள் போட்டிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

திங்கட்கிழமை வருவதற்கு முன்னால், மனு கிடைத்த அன்றே அவருடைய கையெழுத்திடும் அதிகாரத்தை நிறுத்திவைத்தார்கள், ஒன்பது நாளில் வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். எங்கள் கதையில் அரசாங்கம் இவ்வளவு வேகமாகச் செய்த வேலை வேறு கிடையாது. கடைசி நாள் அப்ரெனிகா சாதாரணச் செருப்போடு வந்தார். நேராகப் பம்புக்குப் போய் அடித்து, கையில் பிடித்துக் குடித்தார். வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் அவரவர் குடத்துக்குள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“பன்னிக் கதை எழுதினது யாரு?”

“நான்தான் மேடம்,” என்றாள் பெலாஹியா.

“எவ்வளவு பெரிய பன்னி?”

“நாப்பது கிலோன்னு போட்டேன்.”

அப்ரெனிகா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். “நான் ஓய்வுநாள் சபைக்காரி அக்கா, எங்க சபையில பன்னி ஆகாது. பிறந்ததுலேர்ந்து பன்னியைத் தொட்டதில்ல. ஆபீஸ்ல கையெழுத்துப் போடற மத்த அஞ்சு பேருக்கும் அது தெரியும். விருந்துல எனக்குன்னு தனியாக் கீரை வைப்பாங்க.”

அவர் ஜீப்னி ஏறும்வரை பெலாஹியா கைகட்டி நின்றாள். அப்புறம் வந்து பம்பை அடிக்கத் தொடங்கினாள், குடம் நிரம்பி வழிந்தும் அடித்துக்கொண்டே இருந்தாள். நான் போய்த்தான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

இப்போது இருக்கும் பொறியாளர் சரியான திருட்டுப்பயல். பெயரைக்கூட எழுத எனக்கு மனசில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்ததே இல்லை, எங்கள் குடியிருப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். கிறிஸ்துமஸுக்கு நாங்களாகவே முழுப்பன்றி சுட்டு அனுப்புகிறோம், பெலாஹியாதான் உப்புக் காரம் பார்க்கிறாள். பதினான்காம் தாள் ஒழுங்காக வந்தது, பதினைந்தும் வந்தது, கோடு ஓரம் வரைக்கும் நேராகப் போகிறது. பம்ப் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பிள்ளைகள் குடிக்கிறார்கள். மே மாதம் பிளாக் பிளாக்காக ஜெபமாலை சொல்லும்போது பதினான்காம் பிளாக்கில் பெலாஹியாதான் முன்னால் நின்று வேண்டுதல்களைச் சொல்வாள். நோயாளிகளுக்கு, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு, செத்தவர்களுக்கு என்று வரிசையாக வரும். கடைசியில், இன்னொரு நல்ல ஆளை எங்களுக்கு அனுப்பிவிடாதே ஆண்டவரே என்பாள். நாங்கள் எல்லாரும் சத்தமாக ஆமென் சொல்வோம்.